கையெழுத்துப் போடாத மாதங்கள்

ஏழு மாதம் நான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று பதிவேடு ஒன்று சொல்கிறது. அந்த ஏழு மாதமும் நான் நாள் தவறாமல் போனேன். காய்ச்சலோடு போனேன். சைக்கிளுக்குக் காற்றுப் போன நாளில் அதை உருட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கும் நான்காம் வகுப்புக்குத் தமிழும் படிப்பித்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஒரேயொரு காரியத்தை மட்டும் செய்யாமல் விட்டேன். அதை நினைக்கும்போது இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட வேண்டிய ஆள் நானில்லையே என்று பிறகு அதற்கும் ஒரு கோபம் வருகிறது. எனக்குக் கோபம் கொஞ்சம் தாராளம்.

கிளிநொச்சிச் சனமெல்லாம் போரில் இடம்பெயர்ந்து காட்டோரங்களில் கொட்டில் போட்டிருந்த காலம் அது. நாங்களும் வட்டக்கச்சி வீட்டை விட்டுவிட்டு அப்படியொரு காட்டோரத்தில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். அப்பா இடம்பெயர்ந்த முதல் மாரியிலேயே மலேரியாவில் போய்விட்டார். எங்கள் குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கி வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். ஆகவே எனக்கு இரண்டு தமிழ். பள்ளிக்கூடத்தில் 'வாறன், போறன்', வீட்டில் 'வர்றேன், போறேன்'. படலையைத் திறக்கும்போதே நாக்குத் தானாக மாறிவிடும்.

எங்கள் சொந்தத்திலேயே உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் நான். அம்மா அந்தப் பெறுபேற்றுத் தாளை எண்ணெய் படாமல் பொலித்தீனில் சுற்றிக் கூரைத் தறப்பாளுக்குள் செருகி வைத்திருந்தார். வாசிக்கத் தெரியாத தாளை அப்படிக் காப்பாற்றிய ஆளை நான் வேறு எங்கும் காணவில்லை.

அப்போது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கூட, ஆசிரியர்கள் குறைவு. அந்த இடைவெளியை நிரப்பியது நாங்கள்தான். தொண்டர் ஆசிரியர்கள் என்று எங்களுக்குப் பெயர். சம்பளம் கிடையாது. வயலில் அருவி வெட்டு முடிந்ததும் பெற்றோர் சேர்ந்து ஆளுக்கொரு மூட்டை நெல் தருவார்கள். என்றைக்காவது ஒருநாள் நேர்முகம் வைத்து எங்களை நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் வருடக்கணக்காகச் சும்மா படிப்பித்தோம். நிரந்தர நியமனம் என்றால் மாதச் சம்பளம், கடைசியில் ஓய்வூதியம். கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று விளக்கவேண்டியதில்லை. அம்மா மற்றவர்களின் தோட்டங்களில் களை பிடுங்கியும் கச்சான் என்கிற நிலக்கடலை பிடுங்கியும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஆசிரியையாகப் போகிறேன் என்பதுதான் அவருடைய ஒரே சேமிப்பு.

எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதப்போவதில்லை. அங்கே படித்த பிள்ளைகளுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். நான்கு கிடுகுக் கொட்டில்கள், இரண்டு பாலை மரங்கள், அரைச்சுவர் வைத்த ஓர் அறை. அந்த அறை அதிபருடையது. அவருடைய மேசையில்தான் ஆசிரியர் வரவுப் பதிவேடு இருக்கும். காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் உள்ளே போய் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஏழே முக்காலுக்கு அவர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து வந்தால் பிந்தி வந்ததாகக் கணக்கு. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் வேறு ஒரு வழக்கமும் இருந்தது. ஆண் ஆசிரியர் உள்ளே போனால் அதிபர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பித் தள்ளிவிடுவார். அவரும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பெண் ஆசிரியை போனால் புத்தகம் திரும்பாது. அதிபருடைய நெஞ்சுக்கு நேரே விரித்தபடியே கிடக்கும். நாங்கள் மேசையைச் சுற்றிப் போய், அவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து போடவேண்டும். நேரத்தை எழுதும்போது அவருடைய கை முதுகில் இருக்கும். பெயரை எழுதும்போது இடுப்புக்கு வந்துவிடும். பெயர் நீளமான பெண்கள் பாவம். வாயால் ஒன்றும் தவறாகப் பேசமாட்டார். "என்ன பிள்ளை, சாப்பிட்டனீரோ? அம்மா சுகமோ?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அரைச்சுவருக்கு வெளியே நிற்பவர்களுக்குக் குரல் மட்டும்தான் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டால் இவரைவிட நல்ல மனிதர் இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

என்னோடு சேர்ந்த இன்னொரு தொண்டர் ஆசிரியை இருந்தாள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்கப் பெண். தகப்பன் கடலுக்குப் போக வழியில்லாமல் கொட்டிலில் இருந்தார், அவளுக்குக் கீழே நான்கு பேர். நாங்கள் இருவரும் ஒரே பாலை மரத்தின் கீழ் முதுகுக்கு முதுகாக வகுப்பு நடத்தினோம். முதலில் இருவருமாகச் சேர்ந்து அறைக்குள் போனோம். ஒரு கிழமைதான். "ஒராள் ஒராளா வாங்கோ, இது சந்தையில்லை" என்று அதிபர் சொல்லிவிட்டார். பிறகு இடக்கையில் பிள்ளைகளின் கொப்பிகளை அடுக்கி இடுப்பை மறைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். "பாரத்தை வைச்சிட்டுப் போடுமன் பிள்ளை" என்று அவரே கொப்பிகளை வாங்கி மேசையில் வைத்தார். எவ்வளவு கரிசனை!

ஒருநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பேனையால் அவர் கையில் குத்தியிருக்கலாமே, ஏன் குத்தவில்லை? அடுத்தநாள் நான் அறைக்குள் போகவில்லை. நேரே மரத்தடிக்குப் போய் வகுப்பைத் தொடங்கினேன்.

தோழி பார்த்தாள். இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஒரு நிமிசம்தானே. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு போட்டிட்டு வாரும். நேர்முகத்துக்கு அந்தக் கொப்பியைத்தான் பாப்பினம்."

"உமக்கு வெக்கமில்லையோ?" என்று கேட்டேன்.

எனக்கு வாய் நீளம் என்று அம்மா எப்போதும் சொல்வார். அன்றைக்கு அது யார்மேல் போய் விழுந்தது என்று பாருங்கள். அவள் திரும்பிப் போய்க் கரும்பலகையில் எழுதத் தொடங்கினாள். நான்கு நாட்கள் முதுகுக்கு முதுகாக நின்றும் நாங்கள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளே சோக்கட்டி இல்லை என்று வந்து கேட்டாள். நான் பாதியை முறித்துக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் கையெழுத்துப் போடாததைப் பற்றி அதிபர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியில் கண்டால் வழக்கம்போல் "சுகமோ பிள்ளை?" என்பார். அவருக்குப் பயம் பிடித்துவிட்டது, நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியொரு மூளை எனக்கு! நான் போடாத ஒவ்வொரு நாளுக்கும் அந்தக் கட்டத்தில் அவர் பொறுமையாகச் சிவப்பு மையால் 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே போனால்தானே தெரியும்.

எனக்கு என் வகுப்பு இடாப்பு போதுமென்று பட்டது. ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் வரவை நான்தான் குறித்தேன். அடியில் மொத்தம் போட்டு என் சுருக்கொப்பம் வைத்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வந்ததற்கு என் எழுத்தே சாட்சி. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றது யார் என்று ஒருவர் கேட்பார் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை. வேலையைச் செய்தால் வேலை செய்ததாகத்தான் ஆகும் என்று நம்பியிருந்தேன்.

எட்டாவது மாதம் அதிபர் பதிவேட்டை அறைக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் வைக்கத் தொடங்கினார். எங்களுக்காக அல்ல. கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கதை வந்திருந்தது. நானும் மறுபடி கையெழுத்துப் போட்டேன். பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

நேர்முகம் அதற்கு அடுத்த வருடம் வந்தது. கல்வி அலுவலகமும் எங்களைப்போல் இடம்பெயர்ந்து ஒரு கோயில் மடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்துக் கொட்டிலில் ஒரு நல்ல சேலை இரவல் வாங்கி வந்தார். தோழியும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். மூன்று வருடத் தொடர் சேவை இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு நான்கு வருடம் இருந்தது. துள்ளிக்கொண்டு போனேன்.

மூன்று அதிகாரிகள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்து அதிபரும் தன் பதிவேடுகளோடு வந்திருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. எங்களுடைய அதிபர் சுவரோரம் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டு தலையசைத்தார். நடுவில் இருந்த அதிகாரி வயதானவர், மூக்குக்கண்ணாடிக்காரர், குரலில் கடுமை இல்லாத மனிதர். பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மேலும் புரட்டினார். திரும்பி வந்தார்.

"பிள்ளை, இந்த ஏழு மாதமும் நீங்கள் வரேல்லை எண்டெல்லோ கிடக்கு?"

"வந்தனான் சேர்," என்று சொல்லி வகுப்பு இடாப்பை எடுத்துக் கொடுத்தேன். அதையும் கையோடு கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்ல எழுத்து. ஆனா இது பிள்ளையளின்ர இடாப்பு. உங்கட வரவுக்கு இது செல்லாது." கண்ணாடியைக் கழற்றினார். "பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறியள். படிப்பிச்சும் இருக்கிறியள். அப்ப ஏன் கையெழுத்துப் போடேல்லை?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. மரத்தடியில் நின்று எத்தனை தரம் அதை மனதுக்குள் சொல்லியிருப்பேன்! நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க என்னிடம் சொற்கள் தயாராக இருந்தன. ஆனால் எதிரே மூன்று ஆண்கள், சுவரோரம் நான்காமவர். வாசலில் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். நான் சொன்னால் மாலைக்குள் கொட்டில் கொட்டிலாக அது போகும். மலைநாட்டுக்காரப் பெட்டை என்று தொடங்கி எங்கே முடிப்பார்களோ தெரியாது. என் இடுப்பைப் பற்றித்தான் கதைப்பார்கள்; அவர் கையைப் பற்றி அல்ல.

"மறந்துபோனன் சேர்," என்றேன்.

"ஏழு மாதமோ?" என்று ஓரத்தில் இருந்த அதிகாரி சிரித்துவிட்டார்.

அப்போது எங்கள் அதிபர் எழுந்து, எனக்காகப் பரிந்து பேசினார். "கெட்டிக்காரப் பிள்ளை, சேர். கொஞ்சம் கவனக்குறைவு. அவ்வளவுதான்."

அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கைவைத்ததைவிட அது என்னைக் கேவலப்படுத்தியது. தோழிக்கு அன்றைக்கே தெரிவு உறுதியாகிவிட்டது. எனக்கு ஒரு படிவம் தந்தார்கள். மேன்முறையீடு செய்யலாம், இரண்டு கிழமைக்குள் காரணத்தை எழுதி, அதிபர் ஊடாக அனுப்பவேண்டும் என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர். எங்கள் நாட்டில் ஒரு ஆசிரியர் மேலிடத்துக்கு எந்தக் கடிதம் எழுதினாலும் அது அதிபரின் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அதிபரைப் பற்றி எழுதினாலும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது தோழியும் நானும் ஒன்றாகவே சைக்கிள் மிதித்தோம். சந்தோசப்படக்கூட அவளால் முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்தேனே. பிரிகிற சந்தியில் இறங்கி நின்றாள்.

"எனக்கு வெக்கம் இருந்தது," என்றாள். "ஒவ்வொரு நாளும் இருந்தது."

பதிலுக்குக் காத்திராமல் ஏறிப் போய்விட்டாள். அவளுடைய நியமனம் இலவசமாகக் கிடைக்கவில்லை என்பது அந்தச் சந்தியில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப்போல விலகியவளுக்கு வேலை போயிற்று. அவளைப்போலப் பல்லைக் கடித்தவளுக்கு வேலை கிடைத்தது, ஆனால் நாள்தோறும் அந்த மேசையைச் சுற்றி நடந்தாள். ஆண் ஆசிரியர்கள் இரண்டும் இல்லாமல் அதே நியமனத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வேலை கிடைக்கவில்லை என்றதும் அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அயலில் எல்லோருக்கும் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மூன்றாம் நாள் பின்னேரம், கச்சான் உடைத்துக்கொண்டிருந்தவர், மூலையில் கிடந்த படிவத்தைக் கண்டார்.

"அது என்னா தாளு? வாசி, கேப்போம்."

வாசித்தேன். 'கையொப்பம் இடாமைக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"அப்ப காரணத்த எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

"மறந்துட்டேன்னு சொல்லிட்டேம்மா."

"நெசமா மறந்தியா?"

அம்மாவின் கை கச்சானை உடைத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. புத்தகம் திரும்பாததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோதுகளை ஊதிவிட்டுப் பருப்பைச் சுளகில் போட்டார்.

"தோட்டத்துல கொழுந்து நிறுக்குற எடத்துல ஒரு கணக்கப்புள்ள இருந்தான்," என்றார். "கூடைய எறக்கி விடுறேன்னு கைய நீட்டுவான். நான் ஒருநா தட்டி விட்டேன். அன்னையிலிருந்து எனக்கு அரைப் பேரு."

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். முழுப் பேர் விழுந்தால் முழுச் சம்பளம். கொழுந்து குறைவு என்று கணக்கப்பிள்ளை எழுதினால் அரைப் பேர், பாதிச் சம்பளம்.

"கொழுந்து கொறையல. எல்லாருக்கும் தெரியும். அந்த மாசம் சம்பளத்தப் பாத்துட்டு ஒங்கப்பா ஏன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வயித்து வலின்னேன்."

இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறோம். பிறகு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "எழுது," என்றார். "உள்ளத எழுது. குடுக்கக்குள்ள நானும் வர்றேன்."

எழுதினேன். நான்கு வரி. 'வரவுப் பதிவேட்டில் கையொப்பமிட அதிபரின் கதிரைக்கு அருகில் செல்ல வேண்டியிருந்தது. அங்கே அவர் என் உடம்பைத் தொட்டார். அதனால் கையொப்பமிடச் செல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கற்பித்தேன்.' திரும்ப வாசித்துப் பார்த்தபோது என் கோபம் எதுவும் அதில் இல்லை. படிவத்துக்குத் தேவையானது மட்டும்தான் இருந்தது.

அடுத்தநாள் காலை அம்மாவும் நானும் போனோம். அம்மா பள்ளிக்கூடமொன்றுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. "இருங்கோ அம்மா," என்று அதிபர் கதிரையைக் காட்டினார். அம்மா இருக்கவில்லை. நான் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். மேலே அனுப்புமுன் வாசித்து ஒப்பமிட வேண்டியது அவர் கடமை. வாசித்தார்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு ஆள் வாசிக்கிறாரா, வாசிப்பதாகப் பாசாங்கு செய்கிறாரா என்று தெரியும். அதிபரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். நான்கு வரியை வாசிக்க அதிபருக்கு நீண்ட நேரம் எடுத்தது. காது மடல் சிவந்தது. தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"இதை நான் எப்பிடி மேல அனுப்பிறது?" என்றார். என்னிடம் அல்ல, தாளிடம் கேட்டமாதிரி இருந்தது.

"அனுப்பலன்னா விட்டுருங்க ஐயா," என்றார் அம்மா. "படிச்சிட்டீங்கல்ல. அது போதும்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். படலைவரை தலையை நிமிர்த்தியே நடந்தார். வழியெல்லாம் அதிபர் தாளை மடித்து விரித்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் அவ்வளவு நிறைவாகச் சிரித்து நான் கண்டதில்லை. அதைக் கெடுக்க மனமில்லாமல் நானும் சிரித்தேன்.

படிவம் மேலே போகவில்லை. தோழி சம்பளம் வாங்கினாள், தங்கைமாரைக் கட்டிக்கொடுத்தாள், கடனெடுத்து வீடு கட்டினாள். நான் முன்பள்ளியிலும் ரியூசனிலுமாக, யாரோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு படிப்பித்தேன். அம்மா அதற்குப் பிறகும் பதினொரு வருடம், முழங்கால் வீங்கி மடக்க முடியாமல் போகும்வரை, மற்றவர்களின் தோட்டத்தில் கச்சான் பிடுங்கினார். அதிபர் அதைப் படித்ததே போதும் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது ஒருநாளும் போதவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.